மாலை கழற்றிய மறுநாள்

(விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தொழிலாளர் கூட்டங்களில் பேசியதன் சுருக்கம்)



கூலி உயர்வைப் பேசுகிற மேடையில் குடியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். போராடி வாங்கிய கூலி வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேராவிட்டால் நாம் யாருக்காகப் போராடினோம்? ஆகவே பேசத்தான் வேண்டும்.

குடிக்கிற தோழனைத் திட்டுவதற்காக நான் வரவில்லை. நாள் முழுதும் கரும்பு வெட்டி, ஆலையில் மூட்டை சுமந்து, உடம்பெல்லாம் அடித்துப்போட்டாற்போல் வலிக்கிறவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற மருந்து அதுதான் என்றாகிவிட்டது. வாழ்க்கை நிலைமைதான் தொழிலாளியைக் குடியில் தள்ளுகிறது என்று இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகளைப் பார்த்து ஏங்கல்ஸ் 1845லேயே எழுதினார்.

இதில் லாபம் யாருக்கு? 1948ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்த மதுவிலக்கு 1971ல் தளர்த்தப்பட்டது. இடையில் மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. 2003 முதல் சில்லறைக் கடையையும் சர்க்காரே நடத்துகிறது. 2023-24ல் மட்டும் டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே போகக் காசில்லாதவனைக் கள்ளச்சாராயக்காரன் பிடிக்கிறான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் மதுராந்தகம் பக்கத்திலுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். கண்ணைக் குருடாக்கி உயிரையும் வாங்குகிற விஷம். அதைக் குடித்துச் செத்தவர்கள் கூலிக்காரர்களும் மீனவர்களும். எந்த முதலாளி வீட்டிலும் இழவு விழவில்லை!

"இன்று ராத்திரியோடு விட்டேன்" என்று இங்கே எந்தத் தோழனாவது முடிவு செய்தால் அவனை வணங்குகிறேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவன் வீட்டிலே இருந்துகொண்டு திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சித்தம் கலங்கி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். இது பேய் பிடித்ததல்ல. உயிருக்கே ஆபத்தான நோய். மந்திரிக்க ஓடாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மருந்து கொடுத்து அந்த நாட்களைப் பத்திரமாகத் தாண்ட வைப்பார்கள். போதையை விட வழி கேட்க 14446 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. "சாப்பாட்டில் கலந்தால் குடியை மறப்பார்" என்று சுவரொட்டி ஒட்டி விற்கிற பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? டைசல்பிரம் என்ற மருந்து இருக்கிறது. அதைச் சாப்பிட்டவன் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, சாகவும் கூடும். டாக்டர் சொல்லி, அவனுக்கும் தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. ஒளித்து ஊட்டுகிற மருந்தல்ல.

சரி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியாயிற்று. குடி ஒழிந்ததா? இல்லை தோழர்களே! இனிமேல்தான் வேலை இருக்கிறது.

நம் பக்கத்தில் சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் மாலை போடுகிற தோழர்களைப் பாருங்கள். மாலை போட்டிருக்கிற நாட்களில் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் பலர் கடை வாசலில் நிற்கிறார்கள். பக்தியைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவனைத் தாங்கியது எது? யாரும் அவனைக் குடிக்கக் கூப்பிடவில்லை. "சாமி" என்று ஊரே மரியாதையாக அழைத்தது. கூடவே விரதமிருக்கப் பத்துப் பேர் இருந்தார்கள். சாயங்காலம் போக ஓர் இடம் இருந்தது. மாலை கழன்றதும் இத்தனையும் கழன்றுவிடுகிறது! பழைய கூட்டாளிகள், பழைய ஏச்சு, பழைய தனிமை.

மாலை செய்த காரியத்தை வருஷம் முழுதும் செய்ய வேண்டியது சங்கம். 1935ல் அமெரிக்காவில் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு குடியை விட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. தனியாக நிற்க முடியாதவன் கூட்டாக நிற்கிறான். இது தொழிலாளிக்குப் புதிய பாடமா?

செய்ய வேண்டியது என்ன? கூலி வாங்கும் சனிக்கிழமை சாயங்காலம் அவனைத் தனியே விடாதீர்கள். ஒருவர் வீடு வரை கூடப் போங்கள். சாவு வீட்டிலும் கல்யாணத்திலும் "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். கூலியோடு குவார்ட்டரும் தருகிற மேஸ்திரி இருந்தால் அதை எதிர்த்து நில்லுங்கள். கூலி முழுவதும் காசாக வர வேண்டும். ஆறு மாதம் நின்றவனிடம் சந்தா ரசீதுப் புத்தகத்தைக் கொடுங்கள். நம்பிக்கை வைத்தால் மனிதன் நிமிர்ந்து நிற்பான்.

நடுவில் சறுக்கினால்? மாதங்கள் கழிந்த பிறகும் ஆசை தலைதூக்கும். விட்ட காய்ச்சல் மறுபடி வந்தால் நோயாளியை அடிக்கிறோமா? டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். இதற்கும் அப்படியே. சறுக்கியவன் வெட்கப்பட்டு ஒளிந்தால்தான் குடி ஜெயிக்கும். சங்கத்துக்குத் திரும்பி வந்தால் அது தோற்கும்.

சர்க்காரிடமும் கேட்போம்: குடியிருப்புப் பக்கத்துக் கடைகளை மூடு! தாலுகா ஆஸ்பத்திரி தோறும் குடிநோய் சிகிச்சையும் மருந்தும் கொடு! கள்ளச்சாராயக்காரனையும் அவனுக்குத் துணைபோகிறவனையும் பிடி! நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1992ல் அந்தத் தீ ஆந்திரா எங்கும் பரவியது. 1993ல் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. கூடி நின்றால் நடக்கும்.

தோழர்களே! குடியை விட்டவன் உங்கள் தெருவிலே இருக்கிறான். நாளைச் சாயங்காலம் அவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!