காவிரிக் கடைமடையில் ஆராய்ச்சியும் தொழிலும்

காரைக்காலில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கின் தலைவர் நீளப் பேசினால் கட்டுரை வாசிக்க வந்தோர் அவசரப்பட நேரும் என்பதைச் சபை அறியும். ஆதலால் ஒரே விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐப்பசி மழையில் அகப்பட்ட குறுவை நெல் களத்திலேயே முளைவிட்டு வீணாவதைக் கண்டு மனம் பொறாத தஞ்சைக் கூட்டுறவு விற்பனைச் சம்மேளனத்தார், 1967ஆம் ஆண்டு திருவாரூரில் தங்கள் அரிசி ஆலையின் அங்கமாக ஓர் ஆராய்ச்சிச்சாலையைத் தொடங்கினார்கள். அச்சிறு சாலையே 1984இல் தஞ்சாவூருக்குப் பெயர்ந்து, நெல் பதப்படுத்தும் ஆய்வில் பெயர் பெற்று, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக விளங்குகிறது. நம் பிரதேசத்தில் ஆலை ஆய்வகத்தை ஈன்றது. ஆய்வகம் ஆலையை ஈனும் காலம்தான் இன்னும் வரவில்லை.

ஏன் வரவில்லை? விஞ்ஞானம் குறைவு என்று சொல்வதற்கில்லை. காரைக்காலில் மட்டுமே 1987 முதல் வேளாண்மைக் கல்லூரியும், 2010 முதல் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன. சிறிது தெற்கே நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், மேற்கே திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், சற்று அப்பால் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம். ஆனால் ஒன்று புதுவை அரசின் சார்பு, ஒன்று மத்திய சர்க்காருடையது, மற்றொன்று தமிழ்நாட்டினுடையது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வூரைச் சுற்றி நின்ற சுங்கக் காவல் 1954இல் மறைந்தது. ஆய்வகங்களுக்கிடையே நிற்கும் காவலை எவரும் அகற்றவில்லை. உவர்நிலத்தில் தாங்கி வளரும் ஒரு பயிரையோ, இறால் குட்டைக்கு ஏற்ற ஒரு கருவியையோ இரண்டு ஸ்தாபனத்தார் சேர்ந்து கண்டால், அது யாருடைய உடைமை, உரிமத்தொகை யாரைச் சேரும் என்னும் கேள்விக்கு விடையில்லாமல் கோப்பு மேஜைக்கு மேஜை நகர்கிறது. சர்க்கார் பணத்தில் விளைந்த கண்டுபிடிப்புகளுக்குப் பொது விதி வகுக்க 2008இல் நாடாளுமன்றத்தில் கொணர்ந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

சென்னை ஐ.ஐ.டி. தனித்தே 2010இல் ஆராய்ச்சிப் பூங்கா எழுப்பியது. அங்கே வளர்ந்த ஏதர் மின்சார ஸ்கூட்டர் வீதியில் ஓடுகிறது, அக்னிகுல் ராக்கெட் 2024இல் விண்ணில் எழும்பியது. அப்பெருந்தனக்காரரைப் பார்த்து நாமும் அவ்வாறே செய்வோம் என்பது பேதைமை. காப்புரிமை வழக்கறிஞரையும், சந்தை அறிந்த மனிதரையும், முதலீட்டாளரோடு பேசத் தெரிந்தவரையும் ஒரு சிறு கல்லூரி தனியாக வைத்துக்கொள்ள இயலாது. ஐந்து ஸ்தாபனங்கள் கூடினால் இயலும். இங்கிலாந்தில் லீட்ஸ், மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும், நம்மைவிடப் பன்மடங்கு வலியன ஆயினும், தங்கள் ஆய்வில் பிறக்கும் நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்ட 2021இல் பொதுவானதோர் முதலீட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் சட்டப்படி வேளாண்மை முறைகளுக்குக் காப்புரிமை கிடையாது. புதிய பயிர் ரகங்களுக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு உண்டு என்றாலும், உழவர் தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து விதைக்கவும், பரிமாறவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் அச்சட்டமே உரிமை தருகிறது. விதை வியாபாரத்தில் விரைந்து பணம் குவிக்க எண்ணும் நிறுவனத்துக்கு இது இடையூறே. எனக்கோ அது நியாயமான இடையூறாகத் தோன்றுகிறது. ஆகையால் இப்பகுதியில் பிறக்கும் நிறுவனங்கள் விதையைவிடக் கருவி, உலர்த்துதல், பதப்படுத்துதல், மீன் தீவனம், நோய் கண்டறிதல் ஆகியவற்றையே பெரிதும் நம்பவேண்டியிருக்கும் என்று கருதுகிறேன்.

பிற்பகல் அமர்வில் விவாதிக்கப்படவிருக்கும், ஸ்தாபனங்களுக்கிடையேயான ஒப்பந்த நகலில், ஆய்வு தொடங்குமுன்னரே பங்கு விகிதத்தை எழுதிவைத்தல், நிறுவனம் நடத்த விரும்பும் ஆசிரியருக்கு விடுப்பு, உழைத்த மாணவருக்கு உரிய பங்கு ஆகிய மூன்றும் இடம்பெறவேண்டும். மூன்றாவதைப் பற்றிப் பெரியோர்கள் பேசுவதற்கு முன் மாணவர்களையே பேசவிடும்படி அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.