பன்னிரண்டு மணி நேரத்துப் பதக்கங்கள்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றதும் நமக்கு ஒரு ரயில் நிலையம் ஞாபகம் வரும். 1893இல், முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர். அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கிக்கொண்டே போனால் கடற்கரையில் டர்பன் வரும். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக நம்மவர்கள் கப்பலேறிப் போய் இறங்கிய துறைமுகம் அது. தென்னாப்பிரிக்காவின் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே வருஷந்தோறும் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. காம்ரேட்ஸ் மாரத்தான் என்று பெயர். மாரத்தான் என்றாலும் வழக்கமான 42 கிலோமீட்டர் இல்லை; கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். பெரும்பாலும் ஒரு வருஷம் மலையேறி ஓடுவார்கள், மறு வருஷம் கடலை நோக்கி இறங்குவார்கள்.

அந்தப் பந்தயத்தின் பரிசு விதிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். விதிகள் என்றால் வறண்ட சமாச்சாரம் என்று தோன்றும். இந்த விதிகளைப் படித்தபோது ஒரு நாட்டின் கதையையே படித்த மாதிரி இருந்தது எனக்கு.

முதல் விதி, நேரம். 12 மணி நேரத்துக்குள் எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் பதக்கம். அந்தக் கடைசி நிமிஷத்தில் ஒருவர் கையில் துப்பாக்கியோடு கோட்டருகே வந்து, ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். யார் வருகிறார்கள் என்று அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனசு இளகிவிடும் அல்லவா? நேரம் முடிந்ததும் சுடுவார். பாதை அடைபடும். விடியலிலிருந்து ஓடிவந்தவர் இரண்டடி தூரத்தில் விழுந்து கிடந்தாலும் அவருக்குப் பதக்கம் இல்லை. கேட்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் இந்த விதி சரி என்றே நினைக்கிறேன். அந்தத் துப்பாக்கிக்கு யார் முகமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கடிகாரம் ஒன்றுதான்.

இதைத் தொடங்கியவர் விக் கிளாபம் என்ற ரயில் எஞ்சின் டிரைவர். முதல் உலகப் போரில் காலாட்படையோடு கிழக்கு ஆப்பிரிக்கா நெடுக நடந்தவர். மாண்டுபோன தோழர்களுக்குக் கல்லில் நினைவுச்சின்னம் வைப்பதைவிட, அவர்கள் பட்ட பாட்டை உடம்பால் உணரும்படி ஓர் ஓட்டம் வைக்கலாம் என்று படைவீரர் சங்கத்திடம் கேட்டார். பைத்தியக்கார யோசனை என்று மறுத்துக்கொண்டே வந்த சங்கம், கடைசியில் சம்மதித்து ஒரு பவுண்டு கடன் கொடுத்தது. 1921 மே 24ஆம் தேதி 34 பேர் புறப்பட்டார்கள். 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஜெயித்தவர் பில் ரோவன். அவருக்கு ஆன நேரம் 8 மணி 59 நிமிடம்.

இன்று ஏழரை மணிக்கு மேல் 9 மணி நேரத்துக்குள் வருகிறவர்களுக்குக் கிடைப்பது பில் ரோவன் பதக்கம். அன்று முதலிடம் வாங்கித் தந்த நேரம், இன்று வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுக்கும் ஒருவர் ஆசைப்படக்கூடிய நேரம். கடைசி ஒரு மணி நேரத்தில், அதாவது 11க்கும் 12க்கும் நடுவே தள்ளாடி வருகிறவர்களுக்கு விக் கிளாபம் பதக்கம். தொடங்கியவரின் பெயரைக் கடைசியில் வருகிறவர்களுக்கென்று வைத்தார்களே, அந்த மனசு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தங்கம் ஆண்களில் முதல் 10 பேருக்கும் பெண்களில் முதல் 10 பேருக்கும் மட்டும். தங்கம் கிடைக்காத ஆண்கள் 6 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் வாலி ஹேவர்ட் பதக்கம் உண்டு. இந்த ஹேவர்ட் 21 வயதில் முதல் தடவை ஜெயித்தவர். மொத்தம் 5 தடவை ஜெயித்தவர். 1989இல், 80 வயதில், மறுபடி ஓட வந்தார். அப்போது கெடு 11 மணி நேரம். கெடு முடிய 1 நிமிடம் 57 விநாடி இருக்கும்போது கோட்டைத் தாண்டினார். ஐந்து முறை ஜெயித்தவராயிற்றே என்று அவருக்காகக் கடிகாரம் நிற்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்து ஓடியிருக்க மாட்டார்.

இனி இன்னொரு வகை விதி. 1923இல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண் ஓட விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். இருந்தும் ஓடினார், 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் இல்லை. கூட ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் காசு சேர்த்து, வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களும் ஒரு ரோஜாக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்தார்கள். விதி தராத பரிசை ஜனங்கள் தந்தார்கள்.

1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி ஓடினார். இந்தப் பாதையில் ஓடியதாக அறியப்படும் முதல் கறுப்பினத்தவர் அவர். வெள்ளையர் மட்டுமே சேரலாம் என்பது விதி. அவர் முடித்த நேரம் 9 மணி 30 நிமிடம். அது பதிவேட்டில் ஏறவில்லை. இந்த விதி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, ஆளைத்தான் பார்த்தது. பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் முறைப்படி வழி திறந்தது 1975இல், 50ஆவது பந்தயத்தில்தான்.

அதற்குப் பிறகும் கணக்கு முடிந்துவிடவில்லை. 2019இல் இரண்டு புதிய பதக்கங்களைச் சேர்த்தார்கள். ஒன்று, 1980இல் ஏழரை மணி நேரத்துக்குள் முடித்த முதல் பெண்ணான இசவெல் ரோச்-கெல்லியின் பெயரில். தங்கம் கிடைக்காமல் அந்த நேரத்துக்குள் வரும் பெண்களுக்கு. இன்னொன்று, 9 மணிக்கு மேல் 10 மணி நேரத்துக்குள் முடிக்கும் எல்லோருக்கும். அதன் பெயர் ராபர்ட் ம்ட்ஷாலி பதக்கம். இன்று எந்த நிறத்தவரானாலும், ஆணானாலும் பெண்ணானாலும், 9 மணி 30 நிமிடத்தில் வந்து சேர்கிறவருக்குக் கிடைப்பது அந்தப் பதக்கம்தான்.