துணைவினை 'இரு': வடசென்னை வழக்கும் இசுபானிய ஒப்புமையும்



காசிமேட்டுத் துறையில் விடியுமுன் 'போட்டு வந்துச்சு' என்று ஒரு குரல் கேட்டால், மீன் வாங்க நிற்கும் கூடைக்காரி விரைய வேண்டியதில்லை. மீன் ஏலம் போயும் இருக்கலாம். 'போட்டு வந்துகீது' என்றால் ஓடத்தான் வேண்டும். படகு இன்னும் கரையில் நிற்கிறது. முடிந்த செயலின் விளைவை இப்பொழுதில் நிறுத்தும் இவ்வேலையைச் செய்வது 'இரு' என்னும் துணைவினையே.

அதற்கு வேறு தொழிலும் உண்டு. எண்ணூரில் காலையில் ஈரத் தரையைக் கண்டவர் 'ராத்திரி மழை பேஞ்சுகீது' என்பார். அவர் கண்டது மழையையன்று, அதன் தடயத்தை. நனைந்தவரோ 'பேஞ்சுது' என்றே சொல்வார்.

இசுபானிய மொழியில் இவ்விடத்தில் நிற்பது 'ஆபேர்'. அதன் இலத்தீன் மூலம் உடைமையைக் குறித்தது. இன்று உடைமைப் பொருளை 'தெனேர்' என்னும் வினை எடுத்துக்கொண்டது. 'ஆபேர்' பெரும்பாலும் துணைவினையாக நிற்கிறது. நம் 'இரு'வோ இருப்பிலிருந்து புறப்பட்டு அதே இடத்தை அடைந்தது. 'மழை பெய்திருக்கும்' என்று நாம் எதிர்கால வடிவில் ஊகிப்பது போலவே அவர்களும் 'ஆபேர்' வினையை எதிர்காலத்தில் வைத்து 'அப்ரா யோவிதோ' என்று ஊகிக்கிறார்கள்.

இனி 'கீது'. இதனைத் துறைமுகக் கூலிகளின் கொச்சை என்று ஒதுக்குவோர் பலர். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலும் இது வழங்குவதை அவர்கள் எண்ணுவதில்லை. (1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட முதல் ரயிலும் வாலாஜா நோக்கியே சென்றது!) 'இருக்கிறான்' என்பதில் 'இரு' பகுதி, 'கிறு' காலம் காட்டும் இடைநிலை, 'ஆன்' விகுதி. 'கீறான்' என்பதில் பகுதியே மறைந்துவிட்டது. இடைநிலையும் விகுதியும் சேர்ந்து வினையாக நடக்கின்றன. பொருளோ சிறிதும் குறையவில்லை.

இசுபானியத்திலும் இத்தகைய தேய்வு நிகழ்ந்தது. 'பாடுவேன்' என்னும் பொருளுடைய 'கந்தாரே' என்ற சொல்லின் ஈற்று 'ஏ', தேய்ந்துபோன 'ஆபேர்' வினையே. அதனைப் பள்ளிகளில் இலக்கணமாகவே கற்பிக்கிறார்கள். திருவொற்றியூர்ப் பள்ளி மாணவன் 'வந்துகீறான்' என்று எழுதினால் சிவப்பு மை விழுகிறது. எழுத்துத் தமிழைக் கற்பிக்குமிடத்தில் அது முறையே. ஆயினும் அச்சொல்லை ஒழுங்கற்றது எனல் பிழை. இறந்தகாலத்தில் 'கிறு' இல்லை; ஆகவே பகுதி மறைந்தால் தாங்கி நிற்க ஒன்றுமில்லை. அம்மாணவன் 'வந்திருந்தான்' என்பான். 'வந்துகீந்தான்' என்று ஒருபோதும் சொல்வதில்லை.