விழுந்த ராக்கெட்டிடம் கேட்ட கேள்விகள்

1988 ஜூலை 13. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏஎஸ்எல்வி ராக்கெட் இரண்டாவது முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கட்டுப்பாட்டை இழந்து வானத்திலேயே உடைந்தது. 16 மாதங்களுக்கு முன் கிளம்பிய முதல் ஏஎஸ்எல்வியும் வங்கக்கடலில்தான் விழுந்திருந்தது. அடுத்தடுத்து இரண்டு ராக்கெட்டுகள் போயின. அவற்றோடு இரண்டு செயற்கைக்கோள்களும், பல நூறு பேரின் பல ஆண்டு உழைப்பும் போயின.

தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்று பள்ளிக்கூடச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் ஏஎஸ்எல்வியின் கதை அத்தனை எளிதான கதை இல்லை. இஸ்ரோ விஞ்ஞானிகள் ஒருமுறை தோற்றார்கள், பாடம் கற்றதாக நினைத்தார்கள், மறுபடியும் தோற்றார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காதவரை தோல்வி எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதை அந்த இரண்டாவது விபத்து காட்டியது.

இந்தத் தோல்விகளின் வரிசையில் முதலில் வருவது 1979 ஆகஸ்ட் 10. எஸ்எல்வி-3 ராக்கெட் கிளம்பிய 317 விநாடியில் கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தைத் திசை திருப்பப் பயன்படும் அமிலம் ஒரு வால்வு வழியாகக் கசிந்து போயிருந்தது. காரணம் தெளிவாகத் தெரிந்தது, திருத்தினார்கள். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம் பின்னாளில் மேடைக்கு மேடை சொன்ன கதை இது. நேயர்களில் பலர் அவர் குரலிலேயே கேட்டிருப்பீர்கள். இங்கே காரணம் ஒன்று, திருத்தமும் ஒன்று.

ஏஎஸ்எல்வியில் அப்படி ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. 150 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளைச் சுமந்து செல்ல வடிவமைத்த ராக்கெட் அது. முதலில் பக்கவாட்டில் பொருத்திய இரண்டு ராக்கெட்டுகள் எரியும். அவை எரிந்து முடிகிற நேரத்தில், ஏறத்தாழ 49-ஆவது விநாடியில், நடுவிலுள்ள ராக்கெட் வானத்தில் வைத்தே பற்ற வேண்டும். 1987 மார்ச் 24 அன்று அது பற்றவே இல்லை. பற்ற வைக்கும் சுற்றில் கோளாறு இருக்கலாம் என்று கருதி, அந்த ஏற்பாட்டைப் பலப்படுத்தினார்கள். பார்த்தால் நியாயமான முடிவுதான். எது வேலை செய்யவில்லையோ அதைச் சரிசெய்தாயிற்று.

1988-இல் நடு ராக்கெட் பற்றிக்கொண்டது. ஆனால் பக்கத்து ராக்கெட்டுகள் எதிர்பார்த்ததைவிடச் சற்று முன்னதாகவே ஓய்ந்துவிட்டன. தொடர் ஓட்டத்தில் ஒருவர் குச்சியை நீட்டிவிட்டு நின்றுவிட, வாங்க வேண்டியவர் இன்னும் வந்து சேராத கணம் போல ஓர் இடைவெளி. அந்தச் சிறு இடைவெளியில் ராக்கெட்டை நேராகப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. காற்றின் அழுத்தம் மிகக் கடுமையாக இருக்கும் உயரமும் அதுதான். ராக்கெட் சாய்ந்தது. அதன்பின் நடு ராக்கெட் எரிந்தும் பயனில்லாமல் போயிற்று.

இந்த முறை எந்தப் பாகம் கெட்டது என்பதோடு விசாரணை நிற்கவில்லை. இந்த ராக்கெட்டின் வடிவமே காற்றில் நிலையாக நிற்கக்கூடியதுதானா என்று அடிப்படையிலிருந்தே கேட்டார்கள். முதல் விபத்துக்குப் பிறகே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஆனால் கண்ணெதிரே ஒரு பழுது தெரியும்போது அதைத் தாண்டிப் பார்ப்பது யாருக்குமே கடினம். பதில் கிடைத்ததும் மாற்றங்கள் வந்தன. காற்றில் நிலைப்படுத்தத் துடுப்புகள் சேர்ந்தன. கடிகாரத்தைப் பார்த்து நடு ராக்கெட்டைப் பற்ற வைக்கும் முறை போய், பக்கத்து ராக்கெட்டுகளின் விசை குறைவதை உணர்ந்து அந்த நொடியே பற்ற வைக்கும் முறை வந்தது.

அடுத்த ஏஎஸ்எல்வி கிளம்ப நான்கு ஆண்டுகள் ஆயின. 1992 மே 20 அன்று செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. ஆனால் நினைத்ததைவிடத் தாழ்வான பாதை. எல்லாமே சரியாக அமைந்தது 1994 மே மாதத்தில்தான். இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டு மௌனத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கைதட்டல் எதுவும் இல்லாமல் வரைபடங்களையும் எண்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. விடாமுயற்சி என்றால் உடனே எழுந்து ஓடுவது என்று நினைக்கிறோம். இவர்களுடைய விடாமுயற்சியில் பெரும்பகுதி, ஓடாமல் உட்கார்ந்து யோசித்ததுதான்.

அந்தப் பழக்கம் இன்னொரு சோதனையிலும் கைகொடுத்தது. 1993 செப்டம்பர் 20 அன்று முதல் பிஎஸ்எல்வி ராக்கெட், ஐஆர்எஸ்-1இ செயற்கைக்கோளோடு வங்கக்கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டம் பிரியும்போது ராக்கெட் குலுங்கியது. அதைச் சமாளித்திருக்க வேண்டிய கணினி நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி, 13 மாதங்களுக்குள் 1994 அக்டோபர் 15 அன்று மறுபடி ஏவினார்கள், வெற்றி. அதே வகை ராக்கெட்தான் பிறகு சந்திரயான்-1-ஐயும் மங்கள்யானையும் கொண்டுபோனது. 2017 பிப்ரவரியில் ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை ஏற்றிச் சென்றதும் அதுதான்.

இனி நிலாவுக்கு வருவோம். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, தூக்கம் கெட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த குடும்பங்கள் எத்தனையோ! நிலாவுக்கு மேலே 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கிய, சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டர், தரையை நெருங்கும் நேரத்தில் தொடர்பை இழந்து மோதி நொறுங்கியது. அதன் சிதறல்களை நாசா வெளியிட்ட படங்களில் முதலில் அடையாளம் கண்டவர் சென்னையைச் சேர்ந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். விண்வெளித் துறைக்குத் தொடர்பில்லாத ஒருவர், தன் கணினியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். அதை நாசாவும் ஏற்றுக்கொண்டது.

என்ன தவறு நடந்தது என்பதை 2023 ஜூலையில், சந்திரயான்-3 கிளம்பும் முன்பே, அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் வெளிப்படையாக விளக்கினார். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை கொடுத்தன. படம் எடுப்பதற்காக லேண்டர் திரும்பாமல் இருக்க வேண்டிய நேரத்தில் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. பிறகு அவற்றைச் சரிசெய்ய வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப நிரல் அனுமதிக்கவில்லை. இறங்க வேண்டிய இடமோ வெறும் 500 மீட்டர் சதுரம்.

ஆகவே சந்திரயான்-3-இன் லேண்டரை வடிவமைத்தவர்கள், எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்று மட்டும் கணக்குப் போடவில்லை. எது எது கெட்டாலும் எப்படி இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்து எஞ்சின் நான்காயிற்று. கால்கள் உறுதியாயின. எரிபொருள் கூடியது. வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி வந்தது. இறங்குமிடம் 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம் என்று விரிந்தது. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்தார். சோதனைக்காக நிலா மண்ணைப் போன்ற மண்ணைத் தயாரிக்க நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறை உதவியது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குப் புதிய விக்ரம் நிலாவில் நின்றது.

நேயர்களே, இதெல்லாம் பெரிய விஞ்ஞானிகளுக்குத்தானே என்று தோன்றலாம். பிளஸ் டூ முடிவு வரும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறாத பிள்ளை வீட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. அக்கம்பக்கம் மார்க்கைத்தான் கேட்கிறது. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கும் வசதி தமிழ்நாட்டில் இருக்கிறது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வும் வருகிறது. அந்த நகலை வாங்கிப் பிள்ளையோடு உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் எந்த வரியில் தடுமாறியது என்று நிதானமாகப் பார்க்கிற வீடுகள் எத்தனை? கண்டிப்பதற்காகப் பார்த்தால் பிள்ளை மறைக்கும். கூட உட்கார்ந்து பார்த்தால், நேரம் போதவில்லையா, கேள்வி புரியவில்லையா, அந்தப் பாடத்தையே தொடவில்லையா என்று அதுவே சொல்லும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஏஎஸ்எல்வி குழு முதல் முறை கைக்கெட்டிய பதிலோடு நின்றதையும், இரண்டாம் முறை ஆழத்துக்குப் போனதையும் இங்கே பெற்றோரும் ஆசிரியரும் நினைத்துக்கொள்ளலாம்.

நிலாவில் இறங்கியதோடு சந்திரயான்-3 குழு கைகட்டி உட்காரவில்லை. 2023 செப்டம்பர் 3 அன்று, நிலாப் பகல் முடியும் தறுவாயில், விக்ரமின் எஞ்சின்களை மறுபடி இயக்கினார்கள். லேண்டர் சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, 30, 40 சென்டிமீட்டர் தள்ளி மீண்டும் பத்திரமாக இறங்கியது. நிலாவிலிருந்து கிளம்பி வரும் பயணத்துக்கு அது ஒரு முன்னோட்டம். மண்ணை அள்ளிப் பூமிக்குக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. அந்தக் கலம் நிலாவில் இறங்கினால் மட்டும் போதாது. அங்கிருந்து எழும்பி வரவும் வேண்டும்.