கிணற்றில் ஏறும் கடல்

நெடுந்தீவிலே கிணறு தோண்டுவோர் ஆழத்தை நாடுவதில்லை. நாட்டின் பிற பாகங்களில் நீர் போதாதவிடத்து இன்னும் சில முழம் ஆழமாக்குவதே வழக்கம். தீவகத்திலோ அவ்வாறு செய்தால், கிடைத்த நன்னீரும் உவர்நீராகிவிடும். ஆதலின், நீர் கண்டதும் தோண்டுதலை நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை என்பது அங்கு வாழ்ந்தோர் பட்டறிவாற் கண்ட உண்மை. உலகம் வெப்பமடைந்து வருகின்றது என்ற செய்தியை அறிய விரும்பும் நேயர்கள், வடதுருவத்துப் பனிமலைகளைக் கற்பனை செய்வதற்கு முன்னர், ஆழமற்ற இந்தக் கிணற்றைச் சற்று எட்டிப்பார்த்தல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் கிடக்கும் தீவுகள் சப்த தீவுகள் எனப் பெயர் பெற்றவை. ஊர்காவற்றுறையும் வேலணையும் அமைந்துள்ள தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைதீவு ஆகியன ஒன்றுக்கொன்று அண்மையிலும், நெடுந்தீவு தனித்துத் தொலைவிலும் கிடக்கின்றன. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. அப்பெயர்களுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ட் என்பது ஒன்றே பெருவழக்கில் நிலைத்தது. கடலுக்குத் தாழ்ந்த நிலத்திற் கரைகட்டி வாழும் இனத்தவர், கடலுக்குச் சிறிதே உயர்ந்த தீவுகளைக் கண்டு தம் ஊர்களை நினைந்தனர் போலும்.

இத்தீவுகளில் மலை இல்லை, ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த தட்டையான நிலம். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர். அங்குள்ள காணி வேலிகள்கூட முருகைக்கற்களை அடுக்கிக் கட்டியவையே. ஆண்டின் மழையிற் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்வது. பின்வரும் மாதங்களுக்கெல்லாம் அம்மழையே முதல். கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கும் மழைநீர், நிலத்தடியில் முன்னரே பரந்திருக்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் நிறை குறைந்தது; அதனாலேயே மிதக்கின்றது. தீவின் நடுவே தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும், மூக்குக்கண்ணாடியின் வில்லை போன்ற வடிவில் அது கிடப்பதால் அறிஞர் அதனை நன்னீர் வில்லை என்பர்.

இவ்வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு சாண் உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது சாண் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். ஒல்லாந்தரான பாடோன் கைபென் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரையடுத்த மணல்மேடுகளை ஆராய்ந்தும், ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் வடகடல் தீவுகளின் கிணறுகளை ஆராய்ந்து 1901ஆம் ஆண்டிலும், தனித்தனியே இவ்விதியைக் கண்டனர். வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் இக்கணக்கு ஏட்டிலுள்ளவாறே பொருந்துவதில்லையெனினும், மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே நாற்பது சாண் அழியும் என்ற அச்சம் பொருந்தவே செய்கின்றது. ஆம்ஸ்டர்டாமின் பெயரைத் தாங்கிய காரைதீவின் கிணறும் அந்நகரத்து மணல்மேடும் ஒரே விதிக்கு அடங்கியவை என்பது வியப்புக்குரிய ஒற்றுமை.

இனி, கடல் ஏன் உயர்கின்றது என்பதற்கு வருவோம். ஞாயிற்றின் ஒளி வளிமண்டலத்தை ஊடுருவி வந்து நிலத்தையும் கடலையும் சூடாக்குகின்றது. சூடேறிய புவி தன் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலனாகாக் கதிர்களாக வெளிவிடுகின்றது. உள்ளே வந்த ஒளிக்கு வழிவிட்ட காற்று, வெளியேறும் வெப்பத்துக்கு அவ்வாறு வழிவிடுவதில்லை. காற்றிலுள்ள நீராவியும், காபனீரொட்சைட்டும், மெதேனும் அதனை உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பவும் கீழே அனுப்புகின்றன. இது தீமையன்று. இப்போர்வை இல்லாதிருந்தால் புவியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசு அளவில் இருந்திருக்கும். நெல்லும் விளையாது, பனையும் முளையாது. போர்வை தடிப்பதே தீமை. பனிக்காலத்தில் ஒரு கம்பளி இதம் தரும். அதன்மேல் மேலும் மேலும் கம்பளியை இட்டால் உள்ளே கிடப்பவர் பாடு என்னாகும்?

வாயுக்கள் வெப்பத்தை உறிஞ்சும் இயல்பை ஜோன் டிண்டால் 1859ஆம் ஆண்டிற் சோதனைமூலம் காட்டினார். நிலக்கரியை எரிப்பதால் புவி வெப்பமடையும் என்பதை 1896ஆம் ஆண்டிற் கணக்கிட்டுக் கூறியவர் சுவீடன் நாட்டு அரீனியஸ். அவர் குளிர்நாட்டவர், ஆதலின் அது நன்மை பயக்கும் என்றே எண்ணினார். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, ஹவாய்த் தீவின் மௌன லோவா மலையில் சாள்ஸ் கீலிங் 1958ஆம் ஆண்டில் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காகியிருந்தது. இன்று 420 பங்கைக் கடந்துள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் புவியினுள் அடங்கிக் கிடந்த நிலக்கரியையும் எண்ணெயையும் ஏழெட்டுத் தலைமுறைக்குள் எரித்ததே இதன் முதற்காரணம், காடழித்தல் அடுத்தது. உலக வானிலை அமைப்பின் கணிப்பின்படி, 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை கைத்தொழிற் புரட்சிக்கு முந்தியதினும் ஏறத்தாழ 1.55 பாகை உயர்ந்திருந்தது. அளவீடுகள் தொடங்கிய பின்னர் அதுகாறும் அத்துணை வெப்பமான ஆண்டு வந்ததில்லை.

இவ்வாறு மிகுந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலே வாங்கிக்கொண்டது. சூடேறிய நீர் விரிவடையும். அதனுடன் மலைப்பனியும், கிறீன்லாந்தினதும் அந்தாட்டிக்காவினதும் பனியும் உருகி வந்து சேர்கின்றன. 1901ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டு வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர் உயர்ந்தது. முன்னாளில் ஆண்டுக்கு ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்ந்தது, 2006ஆம் ஆண்டின் பின்னர் ஏறத்தாழ 3.7 மில்லிமீற்றர் வீதம் உயரலாயிற்று. இந்நூற்றாண்டின் இறுதியில், நாடுகள் புகையைக் கட்டுப்படுத்தும் அளவுக்கேற்ப, ஏறத்தாழ 30 சதமமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை உயரக்கூடும் என்பது 2021ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு அறிஞர் குழுவின் மதிப்பீடு.

கடல் உயரும் என்றதும் தமிழர் நெஞ்சிற் கடல்கோள் என்ற பழஞ்சொல் எழுகின்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்டவர்க்கு அச்சொல் கதையன்று. எனினும் அப்பேரலை கடலடி நிலநடுக்கத்தால் எழுந்தது, வெப்பத்தால் அன்று. இப்போது நிகழ்வது அவ்வாறு ஒரு நாட்காலையிற் கரையைத் தாண்டி வருவதன்று. ஓசையில்லாமல், கல்லின் வெடிப்பினூடே, வீட்டின் பின்புறத்தே கிணற்றுக்குள் வருவது.

அது வரும் வகை இதுதான். கடல் உயரும்போது அதன்மேல் மிதக்கும் நன்னீரும் உடன் உயர முயலும். உயர்ந்த நிலமாயின் இடம் உண்டு. தட்டையான தீவிலோ, மாரிக் காலத்தில் நிலத்தடி நீர் மேற்பரப்பை அண்மித்தே நிற்கின்றது. மேலும் உயர்ந்தால் அது தாழ்நிலங்களில் வெளிப்பட்டு, வெயிலில் ஆவியாகியும் கடலுக்கு வழிந்தோடியும் போகும். நன்னீர் உயர முடியாது நிற்க, கடல் மட்டும் உயர்ந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு உயரம் குறையும். குறைந்தால், நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்குத் தன் வேலையைத் தொடங்கிவிடும். கரையோரம் அரிபட்டுத் தீவு ஒடுங்கினால் வில்லையும் ஒடுங்கும். புயற்காலத்து அலை உள்ளே புகுந்து தேங்கினாலோ, உப்பு மேலிருந்தும் இறங்கும். அதனைக் கழுவிப் போக்கப் பல மாரிகள் வேண்டும்.

மழையின் போக்கும் கருதற்பாலது. சூடான காற்று கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயலும், 2020ஆம் ஆண்டு டிசம்பரிற் புரெவிப் புயலும் யாழ்ப்பாண மாவட்டத்தை வெள்ளக்காடாக்கின. ஒரு தனிப் புயலைச் சுட்டி இது வெப்பத்தால் வந்ததெனக் கூறுதல் ஆராய்ச்சிக்குரியது. பெருமழைகள் மிகும் என்ற பொதுவிதியில் ஐயமில்லை. தீவுக்கு வேண்டியதோ மெல்லப் பெய்து மெல்ல ஊறும் மழை. மூன்று நாளிற் கொட்டும் மழையின் பெரும்பகுதி கடலுக்கே போகின்றது. அதன் பின்னர் வரும் நீண்ட கோடையிற் கிணறு வற்றுகின்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்றவற்றின் வழிவந்தன என்று கூறப்படும் நெடுந்தீவுக் குதிரைகள், அண்மைக்கால வறட்சிகளில் நீரின்றி மடிந்தமை பத்திரிகைச் செய்தியாயிற்று. வாயுள்ள மனிதன் தண்ணீர்வண்டியை வேண்டிப் பெறுவான். குதிரை எவரிடம் முறையிடும்?

ஆயினும், தீவகத்தில் உவர்த்த கிணறுகள் எல்லாவற்றுக்கும் உலக வெப்பத்தையே குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. துலாவால் அள்ளியபோது, அள்ளுபவர் களைத்ததும் கிணறும் இளைப்பாறிற்று. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. அது நன்னீரை உறிஞ்சிய வேகத்தில் அடியிலுள்ள உவர்நீர் கூம்புபோல் மேலெழுகின்றது. போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தமையால் குளங்களும் கேணிகளும் துரவுகளும் தூர்ந்தன. மழைநீர் தங்கி ஊறுதற்குரிய இடங்கள் அருகின. உள்ளூர்க் குறைகள் முன்னரே மெலிவித்த வில்லையை உயரும் கடல் மேலும் மெலிவிக்கின்றது என்பதே உண்மை. நெடுந்தீவின் சாராப்பிட்டிக் கிணறுகளும், வேலணைத்தீவின் சாட்டி மணற்பரப்புக் கிணறுகளும் பிற ஊர்களுக்கும் நீர் ஈந்தவை. அத்தகைய இடங்கள் கெடுமாயின் அவற்றை மீண்டும் உண்டாக்க எந்தத் திணைக்களத்தாலும் இயலாது.

கடல்நீரை நன்னீராக்கினால் என்ன என்று கேட்கலாம். அதுவும் நடைபெறுகின்றது. வடமராட்சி கிழக்கிலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைத் தரவல்ல நிலையம் 2024ஆம் ஆண்டு ஆகத்தில் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆனால், நுண்ணிய சவ்வினூடே கடல்நீரை அழுத்தி உப்பை நீக்குவதற்கு ஒவ்வொரு கன மீற்றருக்கும் ஏறத்தாழ 3 அல்லது 4 அலகு மின்சாரம் வேண்டும். இலங்கையின் மின்சாரத்திற் கணிசமான ஒரு பங்கைத் தருவது, 900 மெகாவாற்று ஆற்றலுடைய நுரைச்சோலை நிலையம். அது எரிப்பது நிலக்கரி. கிணற்றை உவர்க்கச் செய்யும் புகையை மேலும் எழுப்பி, உவர்த்த கிணற்றுக்கு மாற்றுத் தேடுவது வேடிக்கையான வட்டம். மாலைதீவின் தலைநகரான மாலேயில், 2014ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தகைய நிலையம் தீப்பற்றியபோது, நகரமே குடிநீரின்றித் தவித்தது. இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பவேண்டியதாயிற்று. அத்தீவினரும் முன்னாளிற் கிணற்றுநீர் குடித்தவர்களே.

உலகப் புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. தீவகத்தின் பங்கைக் கணக்கிற் காணவே முடியாது. தாம் எரியாத நிலக்கரிக்காக, குறிகட்டுவானில் வள்ளமேறும் மக்கள் தம் கிணற்றைக் கொடுக்கின்றார்கள். இதிலுள்ள அநீதியைப் பன்னாட்டு மாநாடுகளில் எடுத்துரைத்தல் அரசின் கடமை, உரைத்தும் வருகின்றார்கள். மாநாடு முடியும்வரை கிணறு காத்திருக்குமா என்பது வேறு.

செய்யத்தக்கவை சில உள. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளும் டீசல் இயந்திர மின்சாரத்தையே நம்பியிருந்தவை. அவற்றில் காற்றையும் வெயிலையும் கொண்டு மின்னாக்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 1,700 கிலோவாற்று சூரிய ஒளியாலும் 530 கிலோவாற்று காற்றாலும் பெறுதல் அதன் நோக்கம். அதனால் உலகின் வெப்பம் தணிந்துவிடாது. டீசற் செலவு தணியும். தூர்ந்த கேணிகளையும் குளங்களையும் மாரிக்கு முன் தூர்வாருதல், கூரைநீரைத் தொட்டிகளிற் சேர்த்தல், கரையோரக் கண்டல்களை வெட்டாது விடுதல், ஒரு கிணற்றில் நெடுநேரம் இறைக்காது பல கிணறுகளிற் சிறிது சிறிதாக இறைத்தல் என்பன மக்கள் கையிலுள்ளவை.

இவற்றுக்கெல்லாம் முன்னர் அளவு வேண்டும். கிணற்றுக் கட்டில் ஓரிடத்தைக் குறியிட்டு, அக்குறியிலிருந்து நீர்மட்டம் எத்துணை கீழே நிற்கின்றது என்பதையும், நீரின் உப்பளவையும் மாதந்தோறும் ஒரே நாளிற் கொப்பியிற் குறிப்பது கடினமன்று. உப்பை அறியும் கைக்கருவி, கிராமத்துக்கு ஒன்றாக வாங்கக்கூடிய விலையினதே. பாடசாலை மாணவர் இப்பணிக்கு ஏற்றவர்கள். பத்தாண்டுக் குறிப்பு ஒன்று கையில் இருந்தால், கடல் எவ்வளவு, இயந்திரம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். முதலாவது அளவை எடுப்பதற்கு உகந்த காலம் புரட்டாசி. மழை தொடங்குமுன், கிணறு மிகத் தாழ்ந்தும் நீர் மிக உவர்த்தும் நிற்கும் வேளை அது.