இத்தாலியர் பயிலும் ஆங்கில மரபுத்தொடர்கள்

சொற்களைத் தனித்தனியே பிரித்தால் கிடைக்காத ஒரு பொருளை, அவை சேர்ந்து நிற்கும்போது மட்டும் தருகின்ற தொடரை மரபுத்தொடர் என்பர். ஆங்கில இலக்கணத்தில் தேர்ந்த இத்தாலியரும் இத்தொடர்களில் தடுமாறுவதற்கு, அவர்தம் தாய்மொழித் தொடர்கள் பல ஆங்கிலத் தொடர்களை நெருங்கி வந்து சற்றே விலகி நிற்பதே முதற்காரணம். ஆங்கிலேயர் ஒரே கல்லில் இரு பறவைகளை வீழ்த்த, இத்தாலியர் ஒரே அவரைக்கொட்டையைக் கொண்டு இரு புறாக்களைப் பிடிக்கின்றனர். விலை மிகுந்த பொருளுக்கு ஆங்கிலேயர் ஒரு கையையும் ஒரு காலையும் கொடுக்க, இத்தாலியர் ஒரு கண்ணைக் கொடுக்கின்றனர். அரிதாக நிகழ்வதை ஆங்கிலம் நீலநிலவோடு சேர்த்துச் சொல்ல, போப்பாண்டவரின் நகராகிய ரோமைத் தலைநகராகக் கொண்ட இத்தாலியிலோ அது 'ஒவ்வொரு போப்பாண்டவரின் மறைவின்போதும்' நிகழ்வதாகிறது.

இவ்வாறு பொருள் ஒத்திருப்பதால் பயன்பாடும் ஒத்திருக்கும் என்று கருதிவிடுவதில்தான் இடர் தொடங்குகிறது. இத்தாலியில் தேர்வுக்கோ நேர்காணலுக்கோ அறுவை சிகிச்சைக்கோ செல்பவரை, ஓநாயின் வாய்க்குள் என்று பொருள்படும் 'இன் போக்கா அல் லூபோ' என்னும் தொடரால் வாழ்த்துவர். அதற்கு அவர், ஓநாய் சாகட்டும் என்ற கருத்தில் 'கிரேபி' என்று மறுமொழி சொல்வார். ஓநாயின்பால் இரக்கம் கொண்டு, அது வாழட்டும் என்று விடை தருவோரும் அண்மைக் காலத்தில் உளர். இதற்கு இணையாக இருமொழிப் பட்டியல்களில் காட்டப்படும் 'பிரேக் எ லெக்', அதாவது கால் முறியட்டும் என்னும் ஆங்கில வாழ்த்து, பெரும்பாலும் மேடையேறும் கலைஞர்க்கே உரியது. அறுவை சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியிடம் அதனைச் சொன்னால், கேட்பவர் மனம் புண்படக்கூடும்.

இறத்தலைக் குறிக்கும் 'கிக் த பக்கெட்' என்பதும் இத்தகையதே. வாளியை உதைத்தல் என்னும் இத்தொடரைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் மரபுப்பொருள் மறைந்து வெறும் வாளியே எஞ்சும். துக்கம் விசாரிக்கும் இடத்திலோ இதனை எவ்வடிவிலும் சொல்லலாகாது. இத்தாலியத்தின் 'திராரே லே குவோயா' என்னும் தொடரும் இறப்பை இதே மரியாதைக் குறைவோடு சுட்டுவதால், அதனோடு இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியர் பொருளையும் தொனியையும் ஒருசேர விளக்கிவிடுகிறார். கற்பித்தலில் இதுவே சிறந்த முறை.

பொருளை மட்டும் தரும் இருமொழிப் பட்டியல்களால் இப்பயன் கிட்டுவதில்லை. பெருமழையை நாயும் பூனையுமாகக் காட்டும் தொடர் அவற்றில் தவறாது இடம்பெற்றாலும், இன்றைய ஆங்கிலேயரின் பேச்சில் மழை 'கொட்டுகிறது' என்னும் எளிய வினையே மிகுதி. ஆகவே கற்பிப்போர், ஒவ்வொரு தொடருடனும் அதனை யார் யாரிடம் எப்போது சொல்வர் என்பதையும் எழுதித் தருதல் வேண்டும். பயில்வோர் பல தொடர்களைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகி, இடமறிந்த சிலவற்றை மட்டும் தம் பேச்சில் ஆளுதல் வேண்டும்.