மழலையர் கல்வியும் நம் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் குழந்தைகள் மேடையேறி ஆடுவதையும் பாடுவதையும் கண்டு களிக்கவே இன்று கூடியிருக்கிறோம். அவர்களுள் ஆறு வயது நிரம்பாத இளந்தளிர்கள் நாள்தோறும் பகற்பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என்பதையும் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.

ஊரில் பாட்டியின் மடியே முதற் பள்ளியாக இருந்தது. பிழைப்பின் பொருட்டுப் புனே நகரில் குடியேறிய நமக்கு அம்மடி எட்டாத தொலைவில் உள்ளது. ஆதலின் காப்பகத்தையும் நர்சரியையும் நாடுகிறோம். நாடுவது தவறன்று. ஆனால் கட்டடத்தின் பொலிவையும், குழந்தை ஒப்பிக்கும் ஆங்கிலப் பாட்டையும் கண்டே மயங்கிவிடுகிறோம். கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆறு வயது முதலே தொடங்குகிறது. அதற்கு முற்பட்ட பருவத்தில் நல்லது எது, அல்லது எது எனத் தேரும் பொறுப்புப் பெரிதும் பெற்றோரையே சார்ந்தது.

இதற்கு வழிகாட்டிகள் இம்மராட்டிய மண்ணிலேயே தோன்றியுள்ளனர். தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் கடலோரச் சிற்றூராகிய போர்டியில் குழந்தைக் கல்வி நிலையம் கண்டார். 1910-இல் பிறந்த அனுதாய் வாக் அம்மையார் அவருக்கு உறுதுணையாய் நின்றார். மாண்டிசோரி அம்மையாரின் நெறியைப் போற்றிய இவ்விருவரும், விலையுயர்ந்த கருவிகளை நாடாமல் உள்ளூரில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே கற்பித்தனர். பின்னர்க் கோஸ்பாட்டில் பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வாராதபோது, பள்ளியே அவர்தம் வீட்டு முற்றத்துக்குச் சென்றது. முற்றத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்த அங்கன்வாடி என்னும் பெயர், 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய மைய அரசுத் திட்டத்தால் நாடெங்கும் பரவியது. குழந்தை இருக்கும் இடத்துக்குக் கல்வி இறங்கி வரவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

நம் குழந்தை இருக்கும் இடம் தமிழ். மழலையர் நலம் குறித்த 2013-ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையும், வீட்டு மொழியே உரையாடலின் முதன்மொழியாதல் வேண்டும் என்கிறது. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள இருபது குழந்தைகளுக்கு ஒருவர், அதனினும் இளைய பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. ஆகவே சேர்க்கு முன் கேட்போம்: ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள்? ஓடியாட இடம் உண்டா? குடிநீரும் கழிப்பறையும் தூயனவா? மூன்று வயதுப் பிஞ்சு விரலை எழுதச் சொல்லி வருத்துகின்றனரா?

புனே ஆசிரியைக்குத் தமிழ் தெரியாதிருத்தல் இயல்பே. அதற்கும் வழியுண்டு. தண்ணி, பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா எப்ப வருவா என நம் குழந்தை வழங்கும் பத்துச் சொற்களைத் தேவநாகரி எழுத்தில் எழுதி, மராத்தியில் பொருளும் குறித்து ஆசிரியையிடம் கொடுப்போம். தன் பசியைச் சொல்லியும் பிறர்க்கு விளங்காத குழந்தை நாளடைவில் சொல்லாமலே இருக்கப் பழகிவிடும்; அவ்வூமைத்தனத்தை அடக்கம் என்று நாம் பாராட்டிவிடலாகாது.

சங்கமும் தன் பங்கை ஆற்றலாம். பேரக் குழந்தைகளைக் காண ஊரிலிருந்து வந்து தங்கும் பாட்டிமார் பலர் நம்மிடையே உள்ளனர். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர்களைக் கதை சொல்ல அழைப்போம். இழந்த மடியை ஓரளவேனும் மீட்டுத் தருவோம்.

வாழ்க மழலையர்!